கரை திரும்பும் படகுகள்

1

கலாபகோஸ் தீவுகளைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கப்பல். எட்டு நாள், பத்து நாள், சிலசமயம் பதினைந்து நாள். நாம் தூங்கும்போது கப்பல் நகரும், காலையில் கண்விழித்தால் ஜன்னலுக்கு வெளியே வேறொரு தீவு நிற்கும். ரப்பர் படகில் கொண்டுபோய் இறக்குவார்கள், வழிகாட்டியோடு நடந்து பார்த்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குக் கப்பலுக்குத் திரும்பிவிடலாம். இரண்டாவது வழி, மனிதர்கள் வாழும் தீவு ஒன்றில் அறை எடுத்துத் தங்கி, காலையில் படகேறி ஏதாவது ஒரு தீவுக்குப் போய்விட்டு, சாயங்காலம் அதே ஊருக்கு வந்து சேர்வது.

முதல் வழியில் போய் வந்தவர்கள் இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் இரக்கத்தோடுதான் பேசுவார்கள். "போனதுதான் போனீங்க, கப்பல்லயே போயிருக்கலாமே" என்று. ஆனால் இன்றைக்கு அந்தத் தீவுகளுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கப்பலில் வருவதில்லை. ஊரில் தங்குகிறார்கள். அதனால் ஊர் வளர்கிறது. அது நல்லதா கெட்டதா என்பது அந்தத் தீவுகளில் நடக்கும் முக்கியமான சண்டைகளில் ஒன்று.

நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்ததில் கொள்கை எதுவும் கிடையாது. முதல் காரணம் பணம். நான் தேடிய தேதிகளில் எட்டு நாள் கப்பல் எதுவும் ஆளுக்கு மூவாயிரம் டாலருக்குக் கீழே இல்லை. இரண்டாவது காரணம் அப்பா.

அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்து, அப்பா என்னோடு மூன்று மாதம் இருப்பதற்காக ஹூஸ்டன் வந்திருந்தார். வந்த இரண்டாவது வாரமே அவருக்கு அலுத்துவிட்டது. கடல் இல்லாத ஊரில் காலையில் எழுந்து எந்தப் பக்கம் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கலாபகோஸ் பற்றி ஒரு ஆவணப்படம் போட்டுக் காட்டினேன். ஒரு உடும்பு கடலுக்குள் முங்கிப் பாசியைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உடும்பு கடல்ல மேயுதா?" என்றார். அன்றைக்கே முடிவெடுத்தேன்.

கப்பல் படத்தைக் காட்டியபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான். "இதுல இருந்து இறங்கணும்னா நாம நெனச்ச நேரத்துக்கு இறங்க முடியுமா?"

"முடியாதுப்பா. அவங்க டைம்டேபிள்தான்."

"அப்ப வேணாம்மா. எட்டு நாள் அதுக்குள்ள அடைஞ்சு கெடக்க முடியாது. ஊர்ல தங்குவோம். போவோம், வருவோம்."

போவோம், வருவோம். முப்பது வருடம் அவர் செய்த வேலையும் அதுதான்.

2

அப்பாவின் வேலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை மேலே கொண்டுபோக முடியாது.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவில் கரையை ஒட்டி 21 சின்னத் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றில் இரண்டு இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. சுற்றிலும் பவளப்பாறை. 1986-இல் இந்தத் தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்பு தீவில் இறங்கி வலை காயப்போட்டு, கஞ்சி காய்ச்சிக் குடித்து, ராத்தங்கி வந்த மக்களுக்கு அது ஒரே நாளில் வேறொருவர் வீட்டு முற்றம் ஆகிவிட்டது. அப்பா அந்தத் தீவுகளைச் சுற்றும் ரோந்துப் படகில் வேலை பார்த்தார். காலையில் போவார், சாயங்காலம் வருவார். சிலநாள் ராத்திரி போய் விடியும்போது வருவார்.

2001-இல் கடல் அட்டையைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. புலிக்கும் யானைக்கும் இருக்கிற அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு, கடலின் தரையில் சோம்பிக் கிடக்கிற ஒரு உயிருக்கும் வந்தது. அட்டை எங்கள் பக்கத்துக் கடலோரத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு. முங்கி எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, தோலைத் தேய்த்து, காயவைத்து அனுப்புவார்கள். கடைசியில் அது சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ யாருடைய சூப்பிலோ போய்ச் சேரும். எங்கள் வீட்டில் யாரும் அதைத் தின்று நான் பார்த்ததில்லை.

என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, முங்கி அட்டை எடுக்கிறவர். சட்டம் வந்த அடுத்த வருடம் ஒரு ராத்திரி, அப்பா போன ரோந்துப் படகு ஒரு வள்ளத்தைப் பிடித்தது. வள்ளத்தில் மாமா இருந்தார். இரண்டு வாரம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தார். வள்ளம் வரவில்லை. அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மா செத்த அன்று வந்தார். தாய் வீட்டுக் கோடி போட்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசியது கிடையாது. எனக்கு அப்போது ஏழு வயது. தெரிந்ததெல்லாம் அம்மா அடுப்படியில் யாரிடமோ சொல்லி அழுததைக் காதில் வாங்கியதுதான்.

3

எக்வடார் கரையிலிருந்து மேற்கே சுமார் ஆயிரம் கிலோமீட்டர். குவாயாகில் நகரத்திலிருந்து இரண்டு மணி நேர விமானம். விமானம் ஏறுவதற்கு முன்பே பைகளைச் சோதிக்கிறார்கள். கத்தி, துப்பாக்கிக்காக இல்லை, விதைக்காக. பழம், விதை, மண் ஒட்டிய செருப்பு எதையும் தீவுக்குள் விடமாட்டார்கள். அப்பாவின் பையில் ஒரு சின்னப் பொட்டலம் வெந்தயம் இருந்தது, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வாயில் போட்டுக்கொள்ள. அந்தப் பெண் அலுவலர் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, கூடையில் போட்டார். நான் ஏதாவது சொல்லிப் பார்க்கலாமா என்று யோசிப்பதற்குள் அப்பா சொன்னார்: "விடும்மா. சரியாத்தான் பண்றா."

முகத்தில் ஒரு திருப்தி. தன் வேலையைச் செய்கிற இன்னொருவரைப் பார்த்த திருப்தி.

வெளிநாட்டவருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 200 டாலர். வெகுகாலம் 100 ஆக இருந்ததை 2024 ஆகஸ்டில் இரட்டிப்பாக்கினார்கள். விமானம் இறங்குவது பால்ட்ரா என்ற மொட்டைத் தீவில். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படைத் தளமாக இருந்த இடம். சிவந்த மண், சப்பாத்திக்கள்ளி, இலையுதிர்த்த வெள்ளை மரங்கள். "இது நம்ம ஊரு மாதிரில்ல இருக்கு" என்றார் அப்பா. ராமநாதபுரத்து வெயிலைப் பார்த்தவர் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இங்கே சப்பாத்திக்கள்ளி மரமாக நிற்கிறது. பனை மாதிரி தடித்த தண்டு, மேலே தட்டுத் தட்டாகக் கள்ளி. ஆமைகளும் இகுவானாக்களும் எட்டிக் கடிக்கும் இடத்தில் கள்ளி உயர்ந்து வளர்ந்துவிட்டது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள்.

பால்ட்ராவிலிருந்து ஒரு சின்னக் கால்வாயைப் படகில் கடந்து, பேருந்தில் சாந்தா குரூஸ் தீவைக் குறுக்காகக் கடந்தால் புவெர்த்தோ அயோரா. இந்தத் தீவுக்கூட்டத்தின் பெரிய ஊர். அங்கேதான் அறை எடுத்திருந்தோம்.

முதல் ஒருநாள் பயணம் வடக்கு செய்மூருக்கு. சின்னப் படகு, பதினைந்து பேர், ஒரு வழிகாட்டி. வழிகாட்டி இல்லாமல் பூங்காவின் பெரும்பாலான இடங்களில் கால் வைக்க முடியாது. கல் குவித்து அடையாளம் வைத்த பாதையை விட்டு விலகக் கூடாது, விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கஷ்டம் என்னவென்றால் இந்த விதி விலங்குகளுக்குத் தெரியாது. பாதையின் நட்ட நடுவே ஒரு நீலக்கால் பூபி முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. கூடு கிடையாது, வெறும் தரையில் எச்சத்தால் வரைந்த ஒரு வட்டம்தான். நாங்கள்தான் அதைச் சுற்றிக்கொண்டு போனோம். ஃப்ரிகேட் ஆண் பறவைகள் தொண்டைப் பையைச் சிவப்புப் பலூனாக ஊதிக்கொண்டு புதர் மேல் உட்கார்ந்திருந்தன. எதுவும் எங்களைப் பார்த்துப் பறக்கவில்லை.

மஞ்சள் நிற நில இகுவானா ஒன்றின் முன்னால் வழிகாட்டி நின்று ஒரு கதை சொன்னார். இந்தத் தீவில் இகுவானாவே கிடையாது. 1930-களின் தொடக்கத்தில் ஒரு அமெரிக்கக் கப்பல் பயணக்குழு, பக்கத்து பால்ட்ராவில் இகுவானாக்கள் எலும்பும் தோலுமாகக் கிடப்பதைப் பார்த்து, ஒரு எழுபது எண்ணிக்கையைத் தூக்கிவந்து இங்கே விட்டுப்போனார்கள். பூங்கா, அனுமதி எதுவும் இல்லாத காலம். இருபது வருடம் கழித்து பால்ட்ராவில் அந்த இனம் மொத்தமாக அழிந்தது. பிறகு செய்மூரிலிருந்து எடுத்த ஜோடிகளை வைத்து இனப்பெருக்கம் செய்து, 1991-இலிருந்து பால்ட்ராவுக்கே திருப்பி விட ஆரம்பித்தார்கள்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா கேட்டார். "அப்படீன்னா அன்னைக்கு அவன் செஞ்சது சட்டப்படி சரியா தப்பான்னு கேளு."

வழிகாட்டி சிரித்தார். "இன்னைக்கு அதையே செஞ்சா ஜெயில்" என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. இகுவானாவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

4

ஒருநாள் பயணத்தில் கப்பல்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று உண்டு. சாயங்காலம்.

நாலு மணிக்குப் படகு கரைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு நாம் சுற்றுலாப் பயணி என்பதை ஊர் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடும். புவெர்த்தோ அயோராவின் மீன் சந்தை கடலை ஒட்டி நாலைந்து சிமெண்டு மேடைகள், அவ்வளவுதான். மீன் வெட்டும் அம்மாவின் இடுப்பை மூக்கால் தள்ளிக்கொண்டு ஒரு கடல் சிங்கம் நிற்கும். அந்த அம்மா கத்தியை நிறுத்தாமல் முழங்கையால் அதைத் தள்ளிவிடுவார். பின்னால் கூழைக்கடாக்கள் வரிசையில் நிற்கும். அப்பா தினமும் அங்கே போய் ஒரு மணி நேரம் நிற்பார். மூன்றாவது நாள் அந்த அம்மா அவருக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அப்பா கையை ஆட்டி மீனுக்கு விலை கேட்பார். அவர் விரலைக் காட்டுவார். இருவருக்கும் நடுவில் மொழி இருந்ததாகவே தெரியவில்லை.

இந்த ஊர்களில் 25 ஆயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். ஆவணப்படங்களில் இவர்கள் வருவதே இல்லை. நிலப்பரப்பில் 97 சதவீதம் பூங்கா, மிச்சம் 3 சதவீதத்தில்தான் இவர்களுடைய வீடு, பள்ளிக்கூடம், வயல், சுடுகாடு எல்லாம். 1998-இல் வந்த சிறப்புச் சட்டப்படி எக்வடார்காரராகவே இருந்தாலும் நினைத்தபடி இங்கே வந்து குடியேற முடியாது. தொழிற்கப்பல்கள் மீன்பிடிக்கக் கூடாது. சுமார் 1,33,000 சதுர கிலோமீட்டர் கடல் காப்பகத்தில் உள்ளூர்ச் சிறு மீனவர்களுக்கு மட்டும்தான் உரிமை.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரப் பெண் இந்தத் தீவிலேயே பிறந்தவர். வயது நாற்பதுக்கு மேல். பார்த்தலோமே போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். ஊசிப் பாறையோடு எல்லா அஞ்சலட்டையிலும் இருக்கும் தீவு அது. பள்ளிக்கூடத்தில் ஒருதரம் கூட்டிப்போனதாகச் சொன்னார். "டிக்கெட் 200 டாலர். நான் எப்படிப் போவேன்?" குறையாகச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னார்.

அறைக்கு வந்ததும் அப்பா சொன்னார், "நம்ம ஊர்லயும் குருசடைத் தீவ படத்துல பாத்தவன்தான் ஜாஸ்தி."

5

ஆறாவது நாள் இசபெலா தீவுக்குப் போனோம். தீவுகளுக்கு நடுவே 'லாஞ்சா' என்று சொல்லும் வேகப்படகுகள் ஓடுகின்றன. ஆளுக்கு முப்பது டாலர் சொச்சம், இரண்டு மணி நேரம். ஜூலை மாதம், தென்கிழக்குக் காற்று. படகு ஒவ்வொரு அலையிலும் ஏறி, ஒரு கணம் ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்று, பிறகு சிமெண்டுத் தரையில் விழுவதுபோல விழும். இருபத்தைந்து பேரில் பாதிப் பேருக்குக் கையில் பை. நானும் அந்தப் பாதியில்தான். அப்பா பின்னால் மூன்று மெஷின்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, காற்றில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு, வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து பார்க்காத ஒரு முகத்தோடு இருந்தார். "நம்ம பக்கம் இப்ப கச்சான் அடிக்கும்" என்று கத்தினார். எனக்குப் பதில் சொல்ல வாய் திறக்க முடியவில்லை.

இசபெலா இந்தத் தீவுக்கூட்டத்திலேயே பெரியது. அதில் இருக்கும் ஒரே ஊர் புவெர்த்தோ வில்லமில். மணல் தெரு. அங்கிருந்து அடுத்த நாள் லாஸ் தூனெலஸ் போனோம். எரிமலைக் குழம்பு கடலில் இறங்கி உறைந்து, குகைகளும் வளைவுப் பாலங்களுமாகிக் கிடக்கும் இடம். பாலங்களின் மேல் கள்ளி, கள்ளிக்கடியில் பூபி, அடியில் கண்ணாடி மாதிரி தண்ணீர். தண்ணீருக்குள் ஆமை. பார்த்ததும் அப்பா "பேராமை" என்றார். எங்கள் கடலிலும் இருக்கிற அதே பச்சை ஆமைதான்.

ஆனால் அந்த இடத்துக்குள் நுழைவதற்கு முன் அலை உடையும் ஒரு வாய் இருக்கிறது. படகோட்டி மெஷினைத் தணித்துவிட்டு நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒரு தோள் சற்றுத் தாழ்ந்த மனிதர். பயணிகள் எல்லாரும் ஏன் நிற்கிறோம் என்று திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என் கையைத் தொட்டார். "எண்ணுறான் பாரு."

ஏழு அலை போனது. எட்டாவதற்கு முன்னால் மெஷின் உறுமியது, உள்ளே இருந்தோம். அப்பா அந்த மனிதரைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவரும் அசைத்தார்.

மதியம் படகிலேயே சாப்பாடு. நான் தண்ணீரில் முங்கிப் பார்த்துவிட்டு ஏறியிருந்தேன். கடல்குதிரை, பொந்துக்குள் அடுக்கி வைத்ததுபோல வெண்முனைச் சுறாக்கள், பிறகு ஒரு பாறையிடுக்கில் பழுப்பு நிறத்தில் கைநீளம் ஒன்று. வாடகைக்கு எடுத்த கேமராவில் இருந்த படத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், கேமராவைப் படகோட்டியிடம் நீட்டினார்.

"பெபினோ" என்றார் அவர்.

"வெள்ளரிக்காய்னு சொல்றாருப்பா. ஸ்பானிஷ்ல கடல் வெள்ளரி."

"வெள்ளரிக்காயா?" அப்பா முதன்முறையாகச் சத்தமாகச் சிரித்தார். "நாம அட்டைங்குறோம். இவன் காய்ங்குறான்."

அதற்குப் பிறகு நடந்த பேச்சு முழுக்க என் அரைகுறை ஸ்பானிஷ் வழியாகப் போனது. வழிகாட்டியும் அங்கங்கே கைகொடுத்தார். அந்த மனிதர் இருபது வயதில் பெபினேரோவாக இருந்தவர். அட்டை எடுக்கிறவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கீழே இருப்பார்களாம். தாழ்ந்த தோளைத் தொட்டுக் காட்டினார். "இது அதுல வந்தது. என் அண்ணனுக்குக் கால்."

இந்தக் கதையின் பொதுப்பகுதி வரலாற்றில் இருக்கிறது. எக்வடார் நாட்டுக் கரையோரத்தில் அட்டை தீர்ந்துபோனதும் ஆட்கள் இங்கே வந்தார்கள். 1992-இல் தடை வந்தது. 1994-இல் சோதனையாக மூன்று மாதம் திறந்துவிட்டு, ஐந்தரை லட்சம் அட்டைதான் எடுக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். இரண்டு மாதத்தில் அதைப் போலப் பல மடங்கு போய்விட்டது, பாதியில் மூடினார்கள். 1995 ஜனவரியில் முகமூடி போட்ட பெபினேரோக்கள் டார்வின் ஆய்வு நிலையத்தை முற்றுகையிட்டு, எங்களைக் கடலுக்குள் விடாவிட்டால் ஆமைகளைக் கொல்வோம் என்று மிரட்டினார்கள். உலகச் செய்தி ஆனது. அதன் பிறகுதான் 1998 சட்டம் வந்தது.

அப்பா கேட்டார். "தடை போட்டப்ப இவங்களுக்கு என்ன குடுத்தாங்கன்னு கேளு."

நான் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். முதலில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு சுற்றுலாப் படகில் கயிறு பிடிக்கும் வேலை. பிறகு படகோட்டும் உரிமம். இந்த வேலை உள்ளூர்க்காரனுக்குத்தான் என்று சட்டம் இருந்ததால் கிடைத்தது. "எனக்குக் கிடைச்சுது. என் அண்ணனுக்குக் கிடைக்கல. நொண்டிக் காலோட படகுல யாரு சேத்துப்பா?"

அப்பா நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு தனக்குத்தானே, "குடுத்துருக்காங்க" என்றார். "கொஞ்சமாச்சும் குடுத்துருக்காங்க."

6

அன்று சாயங்காலம் ஊருக்கு மேற்கே கண்ணீர்ச் சுவர் வரை நடந்தோம். 1940-களின் நடுவிலிருந்து 1959 வரை இசபெலா கைதிகளின் தீவாக இருந்தது. அவர்களைக் கொண்டு எரிமலைக் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர் அது. நல்ல உயரம், சாந்து கிடையாது. எதையும் மறைக்கவில்லை, எதையும் தாங்கவில்லை. கட்டவைப்பதற்காகக் கட்டவைத்தது. கல் சரிந்து செத்தவர்கள் உண்டு. அந்தச் சிறை மூடிய அதே 1959-இல்தான் இந்தத் தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

அப்பா சுவரைவிட அதன் எதிரே நின்று யோசித்துக்கொண்டிருந்தது வேறு எதையோ. "காவக்காரனுக்கும் இங்கதான சோறு" என்றார்.

திரும்பும் வழியில் பாதையோரம் ஒரு ராட்சத நில ஆமை புல் மேய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் நின்றோம். அது தலையை உள்ளே இழுத்து உஸ்ஸென்று மூச்சு விட்டு, பிறகு எங்களை மறந்து மறுபடி மேய்ந்தது. நல்ல இருட்டு வரும் வரை அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தோம். அப்பாதான் ஆரம்பித்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

"உங்க மாமன் வள்ளம் மெஷின் சத்தம் எனக்குத் தெரியும்மா. ஒரு சிலிண்டர் தட்டும். அரை மைல்லயே தெரிஞ்சுபோச்சு."

நான் பேசாமல் இருந்தேன்.

"கூட நாலு பேரு இருந்தானுவ. அவங்களுக்குத் தெரியாது. வேற பக்கம் திருப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். தெரிஞ்சுதான் போனேன்."

"ஏன்பா?"

"அதுக்கு முந்துன வாரம் ரெண்டு பேர புடிச்சோம். சின்னப் பயலுக. அவங்க ஆத்தாளும் வந்து கால்ல விழுந்துச்சு. அவங்கள விடல. இவன எப்படி விடுறது?"

ஆமை புல்லைப் பிய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா சொன்னார்: "உங்கம்மாகிட்ட இருட்டுல தெரியலன்னு சொல்லிட்டேன். அவ நம்புன மாதிரி இருந்துட்டா."

நான் வளர்ந்த வீடு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நின்றிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அட்டைகள் காப்பாற்றப்பட வேண்டியவைதான். அவை கடலடி மணலைத் தின்று, சலித்து, சுத்தமாக்கி வெளியே விடுகின்றன, அவை இல்லாத கடலடி மெல்ல நோய்ப்படும். இது எனக்குத் தெரியும். மாமா அதற்குப் பிறகு திருப்பூர் போய்ப் பனியன் கம்பெனியில் மூட்டை தூக்கினார் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் தராசில் அந்த ராத்திரி முன் வாரத்துச் சின்னப் பயல்கள் இருவர் இருந்தார்கள் என்பதுதான் எனக்குப் புதிது.

7

ஒருநாள் பயணத்தில் தவறிப்போனவற்றையும் சொல்லிவிட வேண்டும். பறக்காத நீர்க்காகம் பார்க்கவில்லை. அது ஃபெர்னாந்தினாவிலும் இசபெலாவின் மேற்குக் கரையிலும்தான் இருக்கிறது, அங்கே கப்பல்தான் போகும். வடக்கே ஹெனோவேசா, இன்னும் தூரத்தில் டார்வின், வுல்ஃப் தீவுகள் எதுவும் எட்டாது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, நாலு மணிநேரம் கடலில் குலுங்கி, தீவில் இரண்டு மணி நேரம்தான் இருந்தோம் என்று கணக்குப் போட வேண்டிய நாட்களும் உண்டு. கப்பல்களுக்கு ஒழுங்கும் அதிகம். 2012-லிருந்து ஒரே கப்பல் ஒரே இடத்துக்கு இரண்டு வாரத்துக்குள் திரும்ப வரக் கூடாது, எந்தக் கப்பலிலும் நூறு பேருக்கு மேல் கிடையாது. ஊரில் தங்கும் எங்களுக்கு அப்படி ஒரு உச்சவரம்பு இல்லை. நாங்கள் குடிக்கும் தண்ணீர், எரியும் விளக்கு, தின்னும் வெங்காயம் எல்லாம் யாரோ கொண்டுவந்தது அல்லது தோண்டியது. குவாயாகிலிலிருந்து வரும் ஒவ்வொரு சரக்குக் கப்பலிலும் ஏதாவது ஒரு எறும்போ ஈயோ வந்துவிடும் பயம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒரு ஈயின் புழுக்கள்தான் இன்று டார்வினின் குருவிக் குஞ்சுகளைக் கூட்டிலேயே ரத்தம் உறிஞ்சிக் கொல்கின்றன.

அதனால் எங்கள் வழி சுத்தமான வழி என்று சொல்லமாட்டேன். பணம் ஊரில் தங்குகிறது, பாரமும் ஊரிலேயே தங்குகிறது.

புவெர்த்தோ அயோரா ஆய்வு நிலையத்தில் ஒரு குளிரூட்டப்பட்ட அறையில் லோன்சம் ஜார்ஜை வைத்திருக்கிறார்கள். பிந்தா தீவின் கடைசி ஆமை. ஆட்கள் கொண்டுவிட்ட ஆடுகள் தீவை மொட்டையடித்த பிறகு மிஞ்சியது அது ஒன்றுதான். 1971-இல் கண்டுபிடித்து, நாற்பது வருடம் ஜோடி தேடி, 2012 ஜூன் 24 அன்று இறந்தது. உள்ளே போவதற்கு முன் உடம்பு ஆறுவதற்கென்று ஒரு அறையில் சில நிமிடம் நிற்கவைக்கிறார்கள். அப்பா கண்ணாடிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், துக்க வீட்டில் நிற்பதுபோல. வெளியே வந்ததும், "1995-ல இதையும் கொன்னுருப்பாங்களோ?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"மாட்டாங்க" என்றார் அவரே. "மீன்புடிக்கிறவன் மெரட்டுவான். அவ்ளோதான்."

8

கடைசி இரண்டு நாள் சான் கிறிஸ்தோபல். 1835 செப்டம்பரில் 26 வயது டார்வின் முதலில் கால் வைத்த தீவு. இங்கே கடல் சிங்கங்கள்தான் ஊர்க்காரர்கள். கரையோர பெஞ்சுகளில் அவை படுத்திருக்கும், மனிதர்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். நாங்களும் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு குட்டி அம்மாவைத் தேடி ஒவ்வொரு பெஞ்சாகப் போய் மோந்து பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

"அந்த அட்டைப் படம் இருக்குல்ல" என்றார் அப்பா.

"இருக்குப்பா."

"உங்க மாமனுக்கு அனுப்ப முடியுமா?"

குடும்ப வாட்ஸப் குழுவில் மாமா இருக்கிறார். ஒருபோதும் எதுவும் எழுதமாட்டார், காலை வணக்கம் கூடப் போடமாட்டார். தனியாக அவர் எண்ணுக்கு அனுப்பினேன். "அப்பாவோட கலாபகோஸ் வந்திருக்கேன் மாமா. இங்க இருக்குற அட்டை. அப்பா அனுப்பச் சொன்னாங்க." ஊரில் அப்போது விடியற்காலை நாலு மணி இருக்கும். மாமா எழுந்திருக்கும் நேரம்.

இரண்டு நீல டிக் வந்தது. அப்பா செல்போனைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் எதுவும் இல்லை. குட்டி அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டது. சத்தம் நின்றது.

பிறகு மாமாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ஐந்து நொடி. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"இது நம்ம வெள்ளட்ட இல்ல. பொரிபொரியா இருக்கு. என்ன வெல போவுதாம்?"

அப்பா அதைத் திரும்பப் போடச் சொன்னார். திரும்பவும் போட்டேன். மூன்றாவது தடவை கேட்டுவிட்டுச் சொன்னார், "வெலையெல்லாம் சொல்லாத. இங்கயும் தடைதான்னு மட்டும் சொல்லு."

சொன்னேன்.